கேபினட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் கிராஃபிக்ஸ் கார்டைத் தாங்குமா?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரர்களும் ஃபிளெக்ஸ் டிசைன் போடுகிறவர்களும் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும்போது கேட்கும் முதல் கேள்வி இது. எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டரின் எல்லா பாகங்களுக்கும் கரண்ட் தரும் பவர் சப்ளை பெட்டி. கடையில் "450 வாட் இருக்குல்ல சார், தாராளமா ஓடும்" என்பார்கள். அந்த 450-ஐ நம்பி முடிவெடுக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த ஒரு லைனிலிருந்துதான் இழுக்கின்றன. மலிவு யூனிட்டில் 14 அல்லது 16 ஆம்பியர் என்று போட்டிருப்பது சாதாரணம். 16-ஐ 12-ஆல் பெருக்கினால் 192 வாட். மீதி வாட் எல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களில் கணக்குக்காக நிற்கிறது. 12 வோல்ட் இரண்டு லைனாகப் பிரித்துப் போட்டிருந்தால் இரண்டையும் கூட்டக் கூடாது. மொத்தம் எவ்வளவு என்று தனியாக எழுதியிருப்பதே கணக்கு.

இதே எஸ்எம்பிஎஸ்ஸில் ஆர்எக்ஸ் 6600 போடுவது முதல் வழி. கார்டு 132 வாட். கோர் ஐ5 12400 பிராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். இவை இரண்டுமே 249. போர்டு, ஃபேன், டிஸ்க் இன்னும் சேரவில்லை. 192-க்குள் இது அடங்காது. கார்டுக்குக் கரண்ட் தரும் 8 பின் கேபிள் இல்லையென்று, டிஸ்க்குக்கான சாட்டா பிளக்கிலிருந்து எடுக்கும் கன்வெர்டர் போட்டுத் தருவார்கள், அது இன்னும் ஆபத்து. சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பின்களுக்கு மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்தான் வரம்பு. 6 பின்னே 75 வாட் வரை கேட்கும், 8 பின் 150 வரை. பிளாஸ்டிக் உருகிக் கருகுவது இதனால்தான். இந்த வழியே வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றாமல் கார்டைச் சிறிதாக்குவது இரண்டாவது வழி. தனி பவர் கேபிள் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடல் போன்றவை மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள்ளேயே ஓடும். 3050-இன் 8 ஜிபி மாடல் 130 வாட். பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். முழு வேகத்திலும் 65 வாட்டைத் தாண்டாத பிராசஸரோடு அந்த 75 வாட் கார்டுகள் ஓடும், ஆனால் ஸ்டிக்கரில் போட்டது உண்மையாக இருந்தால்தான். லோடு கொடுத்து, மஞ்சள், கறுப்பு ஒயருக்கு இடையே மல்டிமீட்டர் வையுங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள். இறங்காவிட்டாலும் முழு நிம்மதி கிடையாது: 12 வோல்ட்டில் ஏறியிறங்கும் அலை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி, சாதாரண மீட்டர் அதைச் சரியாகக் காட்டாது. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பார்க்கவும் போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பிராண்டட் எஸ்எம்பிஎஸ் மூன்றாவது. ஸ்டிக்கரில் 290 வாட் என்றால் பெரும்பாலும் அதை நிஜமாகவே தரும். ஆனால் பலவற்றில் மதர்போர்டு பிளக்கே வேறு மாதிரி இருக்கும், கார்டுக்கான கேபிளும் இருக்காது. அசெம்பிள் செய்த சிஸ்டத்துக்கு ஒத்துவராது.

நல்ல கம்பெனியின் 550 வாட், 80 பிளஸ் பிராண்ஸ் (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான தரச் சான்று) உள்ள எஸ்எம்பிஎஸ் வாங்குவது நான்காவது. நம் பகுதிக்கு இதைத்தான் சொல்வேன். காரணம் வாட் மட்டுமல்ல. மேட்டூர் திறந்து குறுவைக்கு நாற்று விடும் நாட்களில் மோட்டார்கள் ஒன்றாக ஓட, கிராமத்து லைனில் வோல்டேஜ் படுத்துவிடும். பின்னால் சிவப்பு 115/230 ஸ்விட்ச் உள்ள மலிவு யூனிட் அப்போது திணறும். வோல்டேஜ் கம்மி என்று அந்த ஸ்விட்சை 115-க்குத் தள்ளவே கூடாது. 230 திரும்பி வந்த நொடியில் வெடித்துவிடும். ஆக்டிவ் பிஎஃப்சி (உள்ளே வரும் கரண்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள யூனிட்டில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் படுத்த வோல்டேஜையும் சமாளிக்கும். நல்ல பெயருள்ள சில மாடல்களிலும் 200-240 என்றே இருக்கும், ஆகவே பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள். ஓவர்லோடு, ஷார்ட், அதிக வோல்டேஜ் பாதுகாப்புகள் இருக்கின்றனவா என்பதையும் அங்கேயே பாருங்கள். மலிவு யூனிட்டில் முதலில் கைவிடப்படுவது இவைதான். கெட்டுப்போகும்போது கார்டையும் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோவதும் அதனால்தான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வீட்டு யூபிஎஸ்கள் பலவும் சதுர அலையாகத்தான் கரண்ட் தரும். கரண்ட் போகும் நொடியில் ஆக்டிவ் பிஎஃப்சி யூனிட்கள் சில அதை ஏற்காமல் அணைந்துவிடும். 600 விஏ யூபிஎஸ் என்றால் பொதுவாக 360 வாட்தான். சிஸ்டத்தைக் கடையிலேயே உங்கள் யூபிஎஸ்ஸில் மாட்டி, கார்டுக்கு முழு லோடு கொடுத்து, மெயினை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.