கத்திரி வெயிலில் ஒருமுறை, மார்கழிப் பனியில் ஒருமுறை: ஆட்டோமேடிக் கியர் ஆயில் மாற்றிய அனுபவம்

என்னுடையது டீசல் வண்டி. ஆறு கியர் ஆட்டோமேடிக், டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை. இதுவரை 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கியர் ஆயிலையும் ஃபில்டரையும் காட்பாடியில் எங்கள் வீட்டு வாசலிலேயே இரண்டு முறை மாற்றிவிட்டேன்: முதல்முறை 2022 மே மாதம் 76,000 கிலோமீட்டரில், அடுத்தது 2025 ஜனவரியில் 1,12,000 கிலோமீட்டரில்.

ஏலகிரி மலை ஏறும்போதுதான் முதலில் சந்தேகம் வந்தது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியதும், இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது முதுகில் தட்டுவது போல ஒரு உதறல். ஒரு பட்டறையில் கேட்டேன். "லைஃப்டைம் ஆயில் சார் அது, கை வைக்காதீங்க" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மலையிலும் நம் ஊர் வெயிலிலும் திரும்பத் திரும்பக் கொதிக்கும் ஆயில் காலத்துக்கும் அப்படியே இருக்காது.

இந்த வகை கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் குச்சி (டிப்ஸ்டிக்) கிடையாது. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தட்டுக்குப் பேன் என்று பெயர். அதன் அடியில் ஒரு ஓவர்ஃப்ளோ ப்ளக், அதாவது அதிகப்படி ஆயில் வழியும் துளையின் மூடி, இருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயிலின் சூடு ஏறத்தாழ 40 டிகிரியில் இருக்கும்போது அதைத் திறக்க வேண்டும். கம்பியாக வழிவது குறைந்து சொட்டுச் சொட்டாக ஆனதும் மூடிவிட்டால் அளவு சரி. சரியான டிகிரி வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். ஆயிலும் மேனுவலில் போட்டிருக்கும் அதே ரகமாக இருக்க வேண்டும். சிவிடி (தனித்தனி கியர் படிகள் இல்லாத ஆட்டோமேடிக்) வண்டிக்கு ஆயிலே வேறு.

2022இல் நான் செய்த தவறு இங்கேதான். கத்திரி வெயில், காலை பதினோரு மணி. நிழலில் நின்ற வண்டியிலேயே ஆயில் 38 டிகிரி காட்டியது. பழையதை வடித்து, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றி, கியரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்திவிட்டு அடியில் போவதற்குள் 55 தாண்டிவிட்டது. சூட்டில் ஆயில் விரியும். விரிந்த ஆயில் வழிந்து போனதை மிச்சம் என்று நினைத்து ப்ளக்கை மூடினேன். மறுநாள் காலை டி-யில் போட்டால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. வண்டியை எங்கும் எடுக்காமல், அதற்கடுத்த நாள் விடியற்காலையில் திரும்பப் பார்த்தேன். ஆயில் அளவு குறைவு.

அதனால் இரண்டாவது முறை மார்கழிக் கடைசியைத் தேர்ந்தெடுத்தேன். வடிப்பது, மாற்றுவது, ஊற்றுவது எல்லாம் முந்தின நாளே முடிந்துவிட்டது. அளவு பார்க்கும் வேலையை மட்டும் காலை ஐந்தரைக்கு வைத்துக்கொண்டேன். வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் அளவுகளைப் படிக்கும் ஓபிடி ரீடரை செல்போனில் இணைத்து என் மனைவி சூட்டைச் சொல்லிக்கொண்டே வந்தாள். 22இலிருந்து மெதுவாக ஏறியது. "என்னங்க, முப்பத்தெட்டு" என்றதும் ப்ளக்கைத் திறந்தேன். அவசரமே இல்லை. வேலூரில் இந்த வேலைக்கு மார்கழி, தை விடியலை விட்டால் வேறு நல்ல நேரம் இல்லை என்பேன்.

அப்புறம், வடிப்பதற்கு முன்பே ஆயில் ஊற்றும் ப்ளக் கழல்கிறதா என்று பாருங்கள். பழையதை வடித்துவிட்டு, ஊற்றும் வழி துருப்பிடித்து இறுகியிருந்தால் வண்டி வாசலிலேயே நிற்கும். நான்கு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து வண்டியைச் சமமாக நிறுத்துங்கள், சாய்வாக நின்றால் அளவும் தப்பு. ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகவே கூடாது.

பேனைக் கழற்றியதும், இரும்புத் தூளைப் பிடித்து வைக்க அதற்குள் இருக்கும் காந்தங்களைத்தான் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தது, அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புத் துணுக்கு இருந்தால்தான் கவலை. ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மேலே கியர்பாக்ஸிலேயே ஒட்டிக்கொள்ளும், மறக்காமல் எடுக்க வேண்டும். பேன் போல்ட்டுகள் சின்னவை. முதல்முறை பயத்தில் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டேன், விளிம்பு லேசாக வளைந்து ஒரு மாதம் கசிந்தது. விளிம்பைத் தட்டிச் சரிசெய்து, புது கேஸ்கெட் போட்டு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிய பிறகு சொட்டுக்கூட இல்லை.

ஒரே தடவையில் எல்லா ஆயிலும் மாறாது. டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். ஒரு வடிப்பில் பத்தில் நாலு பங்கு போகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று முறை வடித்து ஊற்றினால்தான் 78 சதவீதம் புதிதாகும். நான் ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் அப்படித்தான் செய்தேன், ஃபில்டர் ஒரு தடவை மட்டும். ஏலகிரி உதறல் முதல் வடிப்பில் குறைந்தது, மூன்றாவதில் முற்றிலும் போனது. இன்றுவரை திரும்பவில்லை.

பழைய ஆயிலை மண்ணில் ஊற்றிவிடாதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் நம் கிணறுகளும் பட்டது போதும், 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. நான் கேனில் அடைத்து, மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் கொடுக்கும் ஒரு பட்டறையில் சேர்த்துவிடுகிறேன். அடுத்த மாற்றம் 1,50,000 கிலோமீட்டரில். ஃபில்டரும் கேஸ்கெட்டும் இப்போதே வாங்கி வைத்தாயிற்று.