கேம்ரியா, அக்கார்டா, தியானாவா? பழைய பெரிய கார்களின் பட்டறைக் கணக்கு

தீபாவளி அன்று கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு வாசலில் மூன்று பெரிய கார்கள் நிற்கும். என்னுடையது 2008 டொயோட்டா கேம்ரி 2.4. அண்ணனுடையது 2010 ஹோண்டா அக்கார்ட் 2.4. மச்சானுடையது 2011 நிசான் தியானா 2.0. மூன்றுமே செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. மூன்றுக்கும் செகாம்புட்டில் ஒரே பட்டறை, ஒரே போர்மேன் (மெக்கானிக்). போன மாதம் தங்கை மகன், வேலையில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது, "மாமா, இந்த மூணுல எத வாங்கலாம்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். புதிய மைவி (மலேசியாவின் சின்ன கார்) விலையில் பாதிக்கும் குறைவாகப் பெரிய கார் கிடைக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இந்த மாடல்கள் மலேசியாவுக்கு வந்தபோது (கேம்ரி 2006, அக்கார்ட் 2008, தியானா 2010) மேனேஜர்களும் டத்தோக்களும் ஓட்டிய வண்டிகள். இன்று காரின் விலை கீழே வந்துவிட்டது, சாமான் விலை மட்டும் அப்படியே நிற்கிறது. அதோடு ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய பில் ஒளிந்திருக்கிறது. எந்தக் காரில் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், வாங்கும்போதே அதைக் கழித்துப் பேசலாம். கீழே நான் சொல்லும் தொகைகள் (வெள்ளி என்பது மலேசிய ரிங்கிட்) எங்கள் மூன்று குடும்பங்களும் கொடுத்தவை, அல்லது எங்களுக்குச் சொல்லப்பட்டவை. உங்கள் பட்டறையில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

முதலில் கியர்பாக்ஸ்

மச்சான் தியானாவை வாங்கியபோது மூன்றிலும் மலிவு அதுதான். உட்கார்ந்தால் வீட்டு சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இன்றுவரை பினாங்குக்குப் போவதென்றால் என் மனைவி அந்தக் காரில்தான் ஏறுவாள். ஒரு வருடம் எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம், ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகக் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். மிதிக்க மிதிக்க வேகம் குறைந்துகொண்டே வந்தது. ஆர்பிஎம் முள் ஓர் அளவுக்கு மேல் போக மறுத்தது. ஓரமாக நிறுத்தினோம். லோரி ஒவ்வொன்று கடக்கும்போதும் கார் ஆடியது, பின்சீட்டில் அக்கா பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். 20 நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால், எதுவுமே நடக்காததுபோல் ஓடியது.

தியானாவில் இருப்பது சிவிடி. வழக்கமான ஆட்டோவில் இருக்கும் கியர்கள் இதில் கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகு பெல்ட் ஓடுகிறது. கப்பி அகன்றும் குறுகியும் விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். பெல்ட் வழுக்காமல் அதை இறுக்கிப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம்தான். எண்ணெய் பழசானால், அல்லது அளவுக்கு மீறிச் சூடானால், பிடி தளரும். பெல்ட் வழுக்கிக் கப்பியில் கீறல் விழும். அந்த உலோகத்தூள் எண்ணெயில் கலந்து வால்வுகளுக்குள் போகும். அதனால்தான் எண்ணெய் அதிகம் சூடேறும்போது கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடுகிறது. அன்று மேட்டில் நடந்தது அதுதான்.

விற்றவர், "இந்த கியர் எண்ணெய் லைஃப்டைம், மாத்தவே வேணாம்" என்று சொல்லியிருந்தார். மச்சான் நம்பினார். எனக்கு இன்றும் வருத்தம் இதில்தான். 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை சரியான சிவிடி எண்ணெயை மாற்றியிருந்தால் ஒவ்வொரு முறையும் 400 வெள்ளிக்குள் முடிந்திருக்கும். மேட்டில் நின்ற அந்த நாளுக்குப் பிறகு மூன்று மாதத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கார் நடுங்க ஆரம்பித்தது, மூங்கில் பாலத்தில் ஓடுவதுபோல. பாக்ஸை இறக்கி, பெல்ட், கப்பி, வால்வு பாடி எல்லாம் பார்த்து ஏற்ற 6,500 வெள்ளி. ஹாஃப் கட் கடையில், அதாவது வெட்டிப் பிரித்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடையில், பழைய பாக்ஸ் 3,500 வெள்ளிக்குக் கிடைத்தது. ஆனால் முந்தைய முதலாளி எண்ணெய் மாற்றினாரா என்று யாருக்குத் தெரியும்? மச்சான் ரிப்பேர் செய்யவே சொன்னார். கூடவே வெளியே ஓர் ஆயில் கூலர் போட்டார், அதற்கு 800. இந்தக் கூலர் செலவை நான் முழு மனதோடு சிபாரிசு செய்வேன். கோலாலம்பூர் வெயிலில், டூத்தா நெரிசலில் நின்று நின்று போகும் காருக்கு அது ஆடம்பரமே இல்லை.

இது மச்சான் ஒருவருக்கு நேர்ந்த கெட்ட நேரம் என்று நினைக்க வேண்டாம். நிசானே அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான தன் சிவிடி கார்களுக்குப் பாக்ஸ் வாரண்டியை 10 வருடம் அல்லது 1,20,000 மைலுக்கு நீட்டியது. தியானாவின் நெருங்கிய உறவான அல்டிமாவும் முரானோவும் அதில் அடக்கம்.

கேம்ரியிலும் அக்கார்டிலும் இந்தப் பயம் இல்லை. இரண்டிலும் பழைய பாணி ஆட்டோ பாக்ஸ். 2.4 கேம்ரியில் ஐந்து கியர், 2.0 கேம்ரியில் நான்கே கியர், அக்கார்டில் ஐந்து. என் கேம்ரி இப்போது 2,60,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, பாக்ஸை இதுவரை திறக்கவில்லை. எண்ணெய் மாற்றியதோடு சரி.

என்ஜின்: இங்கே கேம்ரி தலைகுனிகிறது

டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். இரண்டாவது சர்வீஸின்போது போர்மேன் எண்ணெய்க் குச்சியை இழுத்துத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். குச்சியின் நுனியில் ஒரு பொட்டு அளவுக்குத்தான் கறுப்பு ஒட்டியிருந்தது. "தம்பி, நாலு மாசத்துக்கு முன்னாடி நான்தான் ஃபுல்லா ஊத்துனேன். கீழ ஒழுகல. உன் காடி குடிக்குது" என்றார்.

2.4 கேம்ரியில் உள்ள 2ஏஇசட் என்ஜினுக்கு இது தெரிந்த வியாதி. பிஸ்டனில் எண்ணெயை வழித்துவிட வேண்டிய வளையம் கசடு பிடித்து ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் மேலேறி பெட்ரோலோடு எரிந்துவிடும். அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரை இதே என்ஜினோடு வந்த கேம்ரிகளுக்கு டொயோட்டா 10 வருடம் அல்லது 1,50,000 மைல் வரை வாரண்டியை நீட்டியது. எல்லா கேம்ரியும் குடிக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் குடிக்கிற கேம்ரியை விற்கிறவர் அதை உங்களிடம் சொல்லமாட்டார்.

என்ஜினைப் பிரித்து பிஸ்டனும் ரிங்கும் மாற்ற 4,500 வெள்ளி சொன்னார்கள். நான் மாற்றவில்லை. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குடிக்கிறது, காரின் பின்பெட்டியில் எப்போதும் ஒரு லிட்டர் எண்ணெய் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு ஞாயிறும் குச்சியைப் பார்க்கிறேன். இப்படிப் பார்க்கும் பொறுமை இல்லாதவர் 2.4 வாங்கவே கூடாது. எண்ணெய் தீர்ந்து ஓட்டினால் என்ஜினே போய்விடும். அப்போதும் ஓர் ஆறுதல் உண்டு. இதே என்ஜின் எஸ்டிமாவிலும் அல்பார்டிலும் ஹாரியரிலும் இருந்ததால் ஹாஃப் கட் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது.

கேம்ரியில் இன்னொன்று வாட்டர் பம்ப். ஒழுகத் தொடங்கினால் பம்பைச் சுற்றி இளஞ்சிவப்பாக உப்புப் பூத்ததுபோல் காய்ந்து கிடக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். எனக்குக் கூலியோடு 420 வெள்ளி ஆனது. தள்ளிப்போட்டு என்ஜின் சூடேறினால் அதைப்போலப் பத்து மடங்கு ஆகும்.

அக்கார்ட் 2.4-இன் கே24 என்ஜின் கெட்டியானது. அதன் குறை காதால் கண்டுபிடிக்கக்கூடியது. இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்தால், ஓரிரு நொடி "கிர்ர்ர்" என்று தகரத்தில் ஆணியை இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்து நின்றுவிடும். கேம்ஷாஃப்ட் நுனியில் இருக்கும் விடிசி ஆக்சுவேட்டரின் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) பூட்டு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சூடான என்ஜினில் இந்தச் சத்தம் வராது. அண்ணன் கார் பார்க்கப் போனபோது, விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். பானட்டில் கை வைத்தால் சுட்டது. அண்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை சத்தம் கேட்டது. மாற்றுவதற்கு 1,300 வெள்ளி.

தியானாவின் 2.0 என்ஜினில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எக்ஸ்-டிரெயிலிலும் சில்ஃபியிலும் ஓடிய என்ஜின்தான். 2.5 வி6 அருமையாக ஓடும். ஆனால் ஸ்பார்க் பிளக் மாற்றவே, பின்பக்கத்து மூன்றுக்காக மேலே இருக்கும் இன்டேக்கை (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) கழற்ற வேண்டும். பிளக் விலையை விடக் கூலி அதிகமாகிவிடும்.

சின்னச் சின்ன பில்கள்

இதில் அக்கார்ட்தான் அதிகம் கேட்கிறது. சிவப்பு விளக்கில் டி-யில் நிற்கும்போது, ஏர்கான் ஓட ஓட, ஸ்டியரிங் கையில் அதிர்ந்தால் என்ஜின் மவுண்டிங் போய்விட்டது. உள்ளே திரவம் நிரப்பிய ரப்பர் அது, கிழிந்தால் கறுப்பாக ஒழுகும். ஒரிஜினல் ஒன்றுக்கு 450 வெள்ளி வரை கேட்டார்கள். மலிவான போலி 120-க்குக் கிடைத்தது, அண்ணன் அதைப் போட்டார். எட்டு மாதத்தில் மறுபடி அதே நடுக்கம். மவுண்டிங்கில் மிச்சம் பிடிக்கவே வேண்டாம். முன்சக்கரத்து லோவர் ஆர்ம் புஷ்ஷும் அப்படித்தான், குழியில் இறங்கும்போது "டொக்" என்று கேட்கும்.

அப்புறம் இதை அக்கார்ட் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முனகல் சத்தம் வந்தால், நிறையப் பேர் பவர் ஸ்டியரிங் பம்பையே மாற்றச் சொல்வார்கள். ஓர் இடத்தில் அண்ணனிடம் 900 வெள்ளி கேட்டார்கள். எங்கள் போர்மேன் முதலில் பார்த்தது பம்புக்குள் எண்ணெய் நுழையும் இடத்தில் உள்ள ஒரு சின்ன ரப்பர் வளையத்தை. அது காய்ந்து சுருங்கினால் காற்றை இழுக்கும், டப்பாவில் எண்ணெய் நுரைக்கும், பம்ப் முனகும். வளையம் சில வெள்ளிதான். எண்ணெயும் கூலியும் சேர்த்து 60 வெள்ளியில் சத்தம் நின்றது. முதலில் வளையத்தை மாற்றிப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் பம்பைப் பற்றிப் பேசலாம்.

அப்சாபர், பிரேக், ஏர்கான் செலவு மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நான்கு அப்சாபருக்கு 1,200 வெள்ளி ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பணத்தை விட முக்கியமான ஒன்று

அக்கார்ட் வாங்குபவர் முதலில் செய்ய வேண்டியது, சேஸிஸ் எண்ணை வைத்து தக்காத்தா நிறுவனம் செய்த ஏர்பேக் மாற்றப்பட்டதா என்று பார்ப்பது. ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃபிளேட்டருக்குள் இருக்கும் அமோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதமும் வருடக்கணக்கில் சேர்ந்தால் கெட்டுவிடும். அப்புறம் சின்ன மோதலில்கூட உலோகக் கூடே சிதறி ஓட்டுநர் மேல் பாயக்கூடும். வெப்பமும் ஈரமும் நம் ஊரில் வருடம் முழுக்க இருக்கிறது. ஹோண்டா இதை இலவசமாகவே மாற்றித் தருகிறது. பலமுறை கைமாறிய காரில், மாற்ற வரச் சொல்லும் கடிதம் பழைய முதலாளி வீட்டுக்கே போயிருக்கும், அதனால் நீங்களேதான் கேட்க வேண்டும். அண்ணன் காரில் மாற்றாமலே இருந்தது. அது தெரிந்த நாளிலிருந்து மாற்றும் வரை அண்ணியை அந்தக் காரைத் தொடவே விடவில்லை.

சாலை வரி

தீபகற்ப மலேசியாவில் 2.0 செடானுக்கு வருடம் ஏறக்குறைய 380 வெள்ளி. 2,000 சிசியைத் தாண்டினால் கூடுகிற ஒவ்வொரு சிசிக்கும் ஒரு வெள்ளி. அதனால் என் 2,362 சிசி கேம்ரிக்கு 742, அண்ணனின் 2,354 சிசி அக்கார்டுக்கு 734, தியானா 2.5 வி6 என்றால் 875 பக்கம் வரும். அக்கார்ட் 3.5 வி6 அழகான கார், ஆசை வரத்தான் செய்யும். அதற்கு வருடம் 4,200 வெள்ளிக்கு மேல். ஆரம்பச் சம்பளக்காரர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மருமகனுக்கு நான் சொன்னது 2.0 கேம்ரி. என்ஜின் வேறு, 2.4 அளவுக்கு எண்ணெய் குடிக்கும் பேச்சு அதற்கு இல்லை. பாக்ஸ் எளிமையானது, வரி பாதி. மேட்டில் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஓட்டும் சுகம்தான் வேண்டும், மாதம் ஒரு முறை பட்டறைக்குப் போக அலுப்பில்லை என்றால் அக்கார்ட். எண்ணெய் மாற்றிய ரசீதுகள் கையில் இருந்தால், அல்லது 6,500 வெள்ளியைக் கழித்து விலை பேச முடிந்தால் மட்டும் தியானா. எதை எடுத்தாலும் முன்பணத்துக்கு மேலே 5,000 வெள்ளி தனியாக வங்கியில் இருக்க வேண்டும் என்றேன். அவனிடம் 3,800 இருக்கிறது, அடுத்த போனசுக்குள் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறான்.

கெப்போங்கில் ஒரு 2009 கேம்ரி 2.0 பார்த்து வைத்திருக்கிறான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போகிறோம். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் போனில் சொல்லிவிட்டேன். டார்ச்சும் ஒரு வெள்ளைத் துணியும் இப்போதே காரில் எடுத்து வைத்தாயிற்று.