மூன்றாவது காலிபர்

என் மகளுக்கு ஏழு வயது. செரிப்ரல் பால்சி, அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு சிரமமாகும் நிலை. இரண்டு காலிலும் தசை இறுக்கம், அதனால் குதிங்கால் தரையில் படாது. வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடப்பாள், வெளியே போனால் சக்கர நாற்காலி. பிசியோ நோட்டில் ‘லெவல் 3’ என்று இருக்கும். ராபர்ட் பாலிசானோவும் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட ஐந்து படி அளவுகோல் அது. குழந்தை அன்றாடம் எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்துப் படி சொல்வார்கள்.

சொல்ல வந்தது அவள் காலில் மாட்டும் ஏ.எஃப்.ஓ. பற்றி. முழங்காலுக்குக் கீழே தொடங்கிப் பாதம் வரை வரும் பிளாஸ்டிக் உறை. எங்கள் வீட்டில் காலிபர் என்றே பெயர்.

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எந்தப் பொருளை எடுத்தாலும் விரல் முதலில் ஓரத்தைத்தான் தடவும். முதல் காலிபர் கடையில் செருப்பு சைஸ் பார்த்து வாங்கியது. கணுக்கால் எலும்பை அழுத்தியே காயமாக்கியது. இரண்டாவதுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் அளவெல்லாம் எடுத்தார்கள். கொடுக்கும்போது கவுன்ட்டரில் கவரோடு நீட்டிவிட்டார்கள், குழந்தையை நடக்கவிட்டு யாரும் பார்க்கவில்லை. கழற்றி அரை மணி நேரம் ஆகியும் தோலில் சிவப்பு போகவில்லை. அப்படி இருந்தால் திருத்த வேண்டும் என்று பிசியோ சொல்லித்தான் தெரியும்.

மூன்றாவது, ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்னப் பட்டறையில் செய்தது. அங்கே டெக்னீஷியன் அண்ணன் ஒருவர். பாப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்து, முன்னங்கால் மேல் நீளமாக ஒரு ரப்பர் குழாயை வைத்து அதற்கு மேல் மாவுக்கட்டு போட்டார். பிறகு கட்டை வெட்டும்போது கத்தி தோலில் படாமல் இருக்கவாம். மாவு இறுகும்வரை பாதத்தை நேராக நிமிர்த்திப் பிடித்தபடி அவளிடம் பள்ளிக்கூடக் கதை கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கட்டே அச்சு. அதில் பிளாஸ்டர் ஊற்றிக் காலின் உருவம் எடுத்து, எலும்பு துருத்தும் இடங்களில் கொஞ்சம் கூடுதல் பிளாஸ்டர் அப்பி, பாலிபுரொப்பிலீன் ஷீட்டை ஓவனில் கண்ணாடி மாதிரி தெளியும்வரை சூடாக்கி அதன்மேல் போர்த்துகிறார்கள். வாக்குவம் இழுத்ததும் ஷீட் உருவத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஓரம் பஃபிங் பண்ணியிருந்த நேர்த்திக்கு எங்கள் கம்பெனியிலேயே பாஸ் போட்டிருப்பேன்.

ஆனால் என்னை அசத்தியது பட்டைதான். மற்ற இரண்டிலும் வெல்க்ரோ பட்டையைப் பிடித்து இழுக்க அவள் விரலுக்கு வலு போதாது. இதில் பட்டை நுனியில் ஒரு பெரிய வளையம், ஸ்கூல் பேக்கில் வருவது போல. விரலை மாட்டி இழுத்தால் போதும். “எந்திரி சாமி, நடந்து காட்டு” என்று அவர் சொன்னபோது, “இருங்க மாமா, நானே மாட்டிக்கறேன்” என்றாள்.

இதை எங்கே கற்றீர்கள் அண்ணா என்று கேட்டேன். சனிக்கிழமை மதியம் வேலை குறைவு. மிச்ச ஷீட்டையும் பட்டைத் துண்டையும் வைத்து என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்க மேனேஜர் விட்டிருக்கிறாராம். இப்படிச் செய்து பார்த்துப் பிறந்த பொருளுக்கு உதாரணமாக எங்கள் கம்பெனி டிரெயினிங்கில் அமெரிக்காவின் 3எம் கம்பெனி கதையை வருஷம் தவறாமல் சொல்வார்கள். 1968-இல் ஸ்பென்சர் சில்வர் ஒட்டியும் ஒட்டாத ஒரு பசையைக் கண்டுபிடித்தார், சில ஆண்டுகள் கழித்து அதே கம்பெனியின் ஆர்ட் ஃப்ரை தன் பாட்டுப் புத்தகத்தில் அடையாளத் தாள் நழுவாமல் இருக்க அதை யோசித்தார், அதுதான் ஒட்டி எடுக்கும் குறிப்புச் சீட்டான போஸ்ட்-இட் என்று. கேட்டுவிட்டு நாங்கள் யோசனைப் பெட்டியில் சீட்டு போடுவோம். பரிசு டிஃபன் பாக்ஸ். என்னிடம் மூன்று இருக்கின்றன, யோசனை ஒன்றும் லைனுக்கு வரவில்லை.

குறையும் உண்டு. அளவு எடுத்துக் கையில் கிடைக்க மூன்று வாரம் ஆனது. ஜோடி 7,500 ரூபாய், எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. ஏப்ரலில் உள்ளே வியர்த்துக் கொட்டுகிறது. தையல் உறுத்தாத பருத்தி சாக்ஸ் இரண்டு ஜோடி மாற்ற வேண்டியிருந்தது. வெல்க்ரோவில் பஞ்சு சேரும், பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்க்கிறோம். ஷூ ஒரு சைஸ் பெரிதாக வாங்கி உள்ளே இருக்கும் அட்டையை எடுத்துவிட வேண்டும், அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு ஷூ காசு மிஞ்சியிருக்கும்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இது நிரந்தரமில்லை. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு கூடுவதில்லை. ஆனால் எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய கெண்டைக்கால் தசை நீளாது. அதனால் கால் வளர வளர மறுபடி அளவு எடுத்தே ஆக வேண்டும். ஒன்பது மாதம் ஆகிறது, பெருவிரல் உறையின் விளிம்பைத் தொட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை அதே பட்டறையில் மாவுக்கட்டு. இந்தத் தடவை மஞ்சள் வளையம் வேண்டுமாம்.