பச்சோந்திக்குத் தெளிக்கும் நீர்: ஹீட்டரா, அறை வெப்பமா?

குளிர்நாட்டு வீடுகளில் மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியை வளர்ப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் எழும் குழப்பம்: தெளிப்பானின் நீர்த்தொட்டிக்குள் மீன்தொட்டி ஹீட்டர் போடுவதா, தொட்டியை அறைக்குள் வைத்தாலே போதுமா?

செலவு: ஹீட்டருக்குக் கருவி விலை, மின்கட்டணம். அறை நீருக்கு ஒன்றுமில்லை.

பாதுகாப்பு: நீர்மட்டம் இறங்கினால் ஹீட்டரின் கண்ணாடி வெடிக்கலாம், வெதுவெதுப்பான நீரில் கிருமிகளும் வேகமாகப் பெருகும். அறை நீர்த்தொட்டிக்கு அவ்வப்போது கழுவுவது போதும்.

பயன்: முடிவைத் தீர்மானிப்பது இதுதான். நுண்துளிகள் தெளிப்பானின் முனையை (நாசில்) விட்டு வெளியேறியதும் ஆவியாதலால் குளிர்ந்துவிடும். தொட்டியில் 35 டிகிரி இருந்தாலும் விலங்கின் மேல் படுவது பெரும்பாலும் குளிர்ந்த துளிதான்.

தொட்டி உறைபனி எட்டும் கார் கொட்டகையில் இருந்தால் ஹீட்டர் வாங்குங்கள். மற்றவர்கள் அந்தப் பணத்தை நல்ல முனைகளுக்குச் செலவிடுங்கள்.