உதவித்தொகைக்கு என்று புதுக் கணக்கு திறக்கச் சொன்னால் உஷார்

ஊத்தங்கரைப் பக்கம் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துப் பெண். கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாமாண்டு. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ, மாணவிகளுக்குத் தரும் பிரகதி உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 3,000 ரூபாய் வாங்கினார். "இதுக்குத் தனிக் கணக்கு வேணும்மா" என்று வேறொரு வங்கிக்கு அழைத்துப் போனார். ஏடிஎம் கார்டும் கணக்கில் பதிந்த மொபைல் எண்ணின் சிம்மும் அவரிடமே தங்கிவிட்டன. 50,000 ரூபாய் வந்த அன்றே எடுத்துவிட்டார்.

விண்ணப்பத்தில் பழைய கணக்கு எண்தானே இருக்கிறது என்று வீட்டார் கேட்கிறார்கள். ஆதார் வழியாக அனுப்பும் பணம் அந்த எண்ணைப் பார்க்காது. ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கியே என்பிசிஐ (வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) பதிவில் நிற்கும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். கணக்கு திறக்கும் படிவத்தில் அரசு உதவிகளை இங்கே பெறச் சம்மதம் என்ற கட்டத்தில் டிக் விழுந்தால் பழைய வங்கி விலகிவிடும். எத்தனை பேர் அதைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்? ஆதார் வழியாக வரும் மற்ற உதவிகளும் சேர்ந்தே இடம் மாறும்.

மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போய் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' (ஆதாரோடு எந்த வங்கி இணைந்திருக்கிறது என்ற விவரம்) பாருங்கள். தெரியாத வங்கியின் பெயர் இருந்தால், உங்கள் பழைய கிளைக்கு நேரில் போய் ஆதார் இணைப்புச் சம்மதப் படிவம் கொடுங்கள். சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். ஓடிபி உங்கள் போனுக்கே வரவில்லை என்றால் முதலில் ஆதார் மையத்தில் மொபைல் எண்ணை மாற்ற வேண்டும்.

பணம் போயிருந்தாலும் அந்தக் கணக்கு மாணவியின் பெயரில்தான் இருக்கிறது. ஆதாரோடு கிளைக்குப் போய் கார்டை முடக்கி, மொபைல் எண்ணை மாற்றி, ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். எந்த ஏடிஎம்மில், எப்போது எடுத்தார்கள் என்பது அதில் வரும். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் புகார் சொல்லும்போது அதுதான் பலம்.

பிரகதிக்கு விண்ணப்பிக்க தேசிய உதவித்தொகை தளத்தில் கட்டணமே கிடையாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதால் தளத்தில் பதியும் மொபைல் எண் உங்களுடையதாக இருக்கட்டும். புரோக்கர் எண்ணைப் போட்டால் அடுத்த வருடமும் ஓடிபிக்கு அவரிடமே போய் நிற்க வேண்டும், மறுபடி காசு.

இதே ஆட்கள் 'ஃப்ரீ சீட்' என்று கலந்தாய்வுக்கு முன்பே அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிடுவதும் உண்டு. முதல் பட்டதாரி சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டின் கட்டண விலக்கும் தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் கிடைத்த இடத்துக்கே. ஓசூர்ப் பக்கம் பெங்களூரு கல்லூரிக்கு ஆள் பிடிப்பவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.