நேரடி முறையா, ஊகச் சராசரி முறையா: ஒன்பதாம் வகுப்புக்கு எதை முதலில் சொல்லித் தருவது?

கூட்டுச் சராசரி (நாம் சாதாரணமாகச் சராசரி என்று சொல்வதுதான்) காண ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வழி படிக்கிறார்கள்: நேரடி முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை. மூன்றிலும் விடை ஒன்றுதான். அதனால் பல பிள்ளைகள் நேரடி முறையோடு நின்றுவிட்டு, மற்ற இரண்டையும் பரீட்சைக்கு முந்தின நாள் புரட்டிப் பார்ப்பார்கள். மேற்கு மாம்பலத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். இந்த வருஷம் வரிசையை மாற்றி ஊகச் சராசரியை முதலில் வைத்தேன். இனியும் அப்படித்தான் வைப்பதாக இருக்கிறேன், ஆகவே இந்த ஒப்பீட்டில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நேரடி முறையில் விளக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் கூட்டு, எத்தனை எண்களோ அத்தனையால் வகு, அவ்வளவுதான். 4, 7, 10 என்று மூன்றே எண் இருந்தால் வேறு முறையைத் தேடுவது வீண் வேலை.

எண்கள் கொஞ்சம் பெரிதானால்தான் வித்தியாசம் தெரியும். ஒரு வீட்டின் ஈபி ரீடிங்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஆறு: 412, 398, 455, 526, 487, 428 யூனிட். (அந்த 526 எந்த மாதம் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) நேரடியாகப் போனால் கூட்டுத்தொகை 2706, ஆறால் வகுத்தால் 451. சரிதான். ஆனால் 2706 என்ற எண்ணைப் பார்த்து யாருக்காவது ஏதாவது புரிகிறதா? நடுவில் ஒரு இடத்தில் மீதியைக் கொண்டுபோக மறந்து 2606 என்று வந்திருந்தாலும் பிள்ளை அதே நம்பிக்கையோடு வகுத்துவிட்டுப் போயிருக்கும்.

இதையே ஊகச் சராசரியில் பாருங்கள். ஆறு எண்ணையும் ஒரு பார்வை பார்த்து, 450 பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது? −38, −52, +5, +76, +37, −22. கூடுதல் எல்லாம் சேர்ந்து 118, குறைவு எல்லாம் சேர்ந்து 112, மிச்சம் +6. அதை ஆறு பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு 1. ஆகவே சராசரி 451. பெரிய கூட்டலும் இல்லை, பெரிய வகுத்தலும் இல்லை.

“மிஸ், தப்பா ஊகிச்சுட்டா?” இந்தக் கேள்வி எல்லா வருஷமும் வரும். தப்பாகவே ஊகித்துப் பார்க்கச் சொல்வேன். 400 என்று வைத்தால் விலக்கங்கள் 12, −2, 55, 126, 87, 28. மொத்தம் 306, ஆறால் வகுத்தால் 51. 400-உடன் 51 சேர்ந்தால் மறுபடி 451. ஊகம் தள்ளிப்போனால் திருத்தமும் அதே அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. அப்புறம் 451-யையே ஊகமாக வைக்கச் சொல்வேன். விலக்கங்களின் கூட்டல் சரியாகப் பூஜ்யம் வரும். சராசரி என்றால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும் இடம் என்பது அங்கேதான் பிடிபடுகிறது. நேரடி முறையில் எத்தனை கணக்குப் போட்டாலும் இது கண்ணில் படாது.

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கம் சாய வைத்தது வேறொன்று. கணக்கை முடித்த பிறகு ஒரு எண் மாறினால் என்ன செய்வது? பரீட்சையில் இது தவறாமல் வரும் வகை: ஆறு மதிப்புகளின் சராசரி 451, அதில் 562 என்பது 526 என்று தவறாக எழுதப்பட்டிருந்தது, சரியான சராசரி என்ன? நேரடி முறைப் பிள்ளை 451-ஐ ஆறால் பெருக்கி 2706-க்குத் திரும்பிப் போய், 526-ஐக் கழித்து, 562-ஐக் கூட்டி, மறுபடி ஆறால் வகுக்கும். நாலு படி, நாலு இடத்தில் சறுக்க வாய்ப்பு. விலக்கத்தில் யோசித்துப் பழகிய பிள்ளைக்கு வித்தியாசம் 36, ஆறு பேருக்குப் பங்கிட்டால் 6, விடை 457. பேனாவை எடுக்கக்கூட வேண்டாம்.

புதிதாக ஒரு எண் வந்து சேர்ந்தாலும் இதே கதைதான். 451 சராசரி உள்ள ஆறு ரீடிங்கோடு ஏழாவதாக 500 வருகிறது. அது சராசரியைவிட 49 கூடுதல். இப்போது பங்கு போட ஏழு பேர், தலைக்கு 7. சராசரி 458. இரண்டு வகுப்புகளைச் சேர்க்கும் கணக்கும் அப்படியே: 40 பேர் உள்ள பிரிவின் சராசரி 60, 20 பேர் உள்ள பிரிவின் சராசரி 72. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 66 என்பார்கள். 60-ஐ ஊகமாக வைத்தால், 20 பேரிடம் ஆளுக்கு 12 வீதம் 240 கூடுதல் இருக்கிறது, அதை 60 பேருக்குப் பங்கிட்டால் 4. விடை 64.

இந்த யோசனை நமக்குப் புதிதும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் இன்று வெப்பநிலை இயல்பைவிட 2 டிகிரி அதிகம், மீனம்பாக்கத்தில் 3 டிகிரி அதிகம் என்று செய்தியில் கேட்டுக்கேட்டுப் பழகியவர்கள்தானே நாம். அந்த ‘இயல்பு’ முப்பது வருஷச் சராசரி. இப்போது 1991 முதல் 2020 வரையிலான கணக்கு. அதிலிருந்து இன்றைக்கு எவ்வளவு விலகல் என்பதைத்தான் தினமும் சொல்கிறார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ‘விலக்கம்’ என்ற சொல்லின் மேல் இருக்கும் பயம் பாதி போய்விடும்.

படி விலக்க முறையோடு எனக்குச் சண்டை இல்லை. 0-10, 10-20 என்று சம அகலப் பிரிவுகள் உள்ள நிகழ்வெண் அட்டவணைக்கு, அதாவது எந்தப் பிரிவில் எத்தனை எண்கள் விழுகின்றன என்று காட்டும் அட்டவணைக்கு, அதுதான் வேகம். 50 வரையிலான ஐந்து பிரிவுகளின் நிகழ்வெண்கள் 3, 7, 12, 10, 8 என்று இருந்தால், ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் நடு எண்ணை எடுத்து, 25-ஐ ஊகமாக வைத்து, விலக்கங்களைப் பத்தால் வகுத்து −2, −1, 0, 1, 2 ஆக்கிவிடலாம். நிகழ்வெண்களோடு பெருக்கிக் கூட்டினால் 13, மொத்த நிகழ்வெண்ணான நாற்பதால் வகுத்தால் 0.325, பத்தால் பெருக்கினால் 3.25, சராசரி 28.25. கடைசியில் அந்தப் பத்தால் பெருக்குவதை மறந்து 25.325 என்று எழுதிவைப்பதுதான் இதில் நடக்கும் விபத்து. ஊகச் சராசரி நன்றாகப் பிடிபட்ட பிறகு சொன்னால் இந்த விபத்து குறைகிறது. பிரிவுகளின் அகலம் சமமாக இல்லாத அட்டவணையில் இதைக் கட்டாயப்படுத்தமாட்டேன்.

இன்னொரு லாபமும் உண்டு. பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக்கிடக்கின்றன என்பதற்கான அளவு) வரும்போது இதே ஊகச் சராசரி முறையும் படி விலக்க முறையும் மறுபடி வருகின்றன. அங்கே விலக்கத்தோடு அதன் வர்க்கத்துக்கும் ஒரு நிரல் கூடுதலாகப் போட வேண்டும். முதல் நிரல் பழகியிருந்தால் இரண்டாவது மிரட்டாது.

என் அனுபவம் ஐந்தாறு பிள்ளைகள் சுற்றி உட்காரும் டியூஷனோடு நிற்கிறது. நாற்பது பேர் வகுப்பில், குறை எண்களின் கூட்டலிலேயே தடுமாறும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதை முதலில் சொல்வது சரிப்படுமா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். −52-ஐயும் +5-ஐயும் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு நேரடி முறையே போதும். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

எக்செல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் பெற்றோர்களுக்கு: தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஒன்றை மட்டும் கவனியுங்கள். எக்செல்லின் ஆவரேஜ் காலிக் கட்டத்தை எண்ணிக்கையில் சேர்க்காது, 0 போட்ட கட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும். 70, 80, 75, 75 வாங்கி, ஐந்தாவது டெஸ்டுக்கு ஆப்சென்ட் ஆன பிள்ளைக்குக் கட்டத்தைக் காலியாக விட்டால் சராசரி 75, பூஜ்யம் போட்டால் 60. பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.