சங்கீத தியானப் புத்தகம், 80 ரூபாய்: வாங்கிப் படிக்கலாமா?

வாங்கலாம். தயங்க வேண்டாம். ஆனால் சில குறைகளும் இருக்கின்றன, அதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் பக்திப் புத்தகம் என்றாலே குறை சொல்லக்கூடாது என்ற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதனால்தான் வருஷா வருஷம் ஒரே மாதிரிப் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் ஆலய வாசலில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒரு மேஜை போட்டு ஊறுகாய், மெழுகுவர்த்தி, காலண்டர் எல்லாம் விற்பார்கள். அந்த மேஜையில்தான் இந்தப் புத்தகம் கிடைக்கிறது. அட்டையில் ‘சங்கீத தியானங்கள்’ என்று மட்டும் இருக்கும். சங்கீதம் என்றால் இங்கே இசை இல்லை, வேதாகமத்தில் இருக்கிற 150 ஜெபப் பாடல்கள். எழுதியவர் ஓய்வு பெற்ற ஒரு ஆயர். தன் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாராம், அதனால் நானும் போடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம், இரண்டு பக்கத் தியானம், கடைசியில் ஒரு கேள்வி, ஒரு சின்ன ஜெபம். அமைப்பு நமக்குப் பழகியதுதான். உள்ளே இருக்கிற சரக்குதான் வேறு.

நம் வீடுகளில் சங்கீதம் என்றால் என்ன? 23, 91, 121. பயணம் கிளம்பினால் 121, ஆஸ்பத்திரியில் படுத்தால் 91, அடக்க ஆராதனையில் 23. வருஷப் பிறப்பு அன்று ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் (அந்த வருஷத்துக்குக் கடவுள் தரும் வாக்கு என்று எடுக்கிற வேத வசனம்) எடுத்து பர்ஸில் வைத்துக்கொள்கிறோம், அதிலும் பாதி சங்கீதத்திலிருந்துதான் வரும். இதில் தப்பில்லை, அந்த வசனங்கள் எத்தனையோ பேரைத் தாங்கியிருக்கின்றன, என் வீட்டையும் தாங்கியிருக்கின்றன. ஆனால் 150 சங்கீதத்தையும் ‘எனக்கு, என் குடும்பத்துக்கு, என் பாதுகாப்புக்கு’ என்ற ஒரே கண்ணால் பார்த்துப் பார்த்து, அந்தப் புத்தகம் முழுக்க ஒரு ராஜாவுக்காகவும் அவருடைய ராஜ்யம் வருவதற்காகவும் ஏங்குகிற புத்தகம் என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது. இந்த ஆயர் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார், கடைசிப் பக்கம் வரை விடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் சங்கீதங்களை வரிசைப்படுத்தி வாசிக்கிற விதம். சங்கீதப் புத்தகம் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, 41, 72, 89, 106 ஆகிய சங்கீதங்களின் முடிவில் ஒரு ஸ்தோத்திரம் வந்து ஒவ்வொரு பகுதியும் முடியும் என்பது வேதபாட வகுப்பில் கேட்டதுதான். கேட்டு என்ன செய்தோம், குறித்து வைத்ததோடு சரி. இவர் அதை எடுத்துக்கொண்டு கதையாகவே சொல்கிறார். இரண்டாம் சங்கீதத்தில் சீயோனில், அதாவது எருசலேமில், ராஜா அபிஷேகம் பண்ணப்படுகிறார். 72இல் அந்த ராஜாவின் ஆட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறார்கள். 89க்கு வந்தால் எல்லாம் இடிந்து கிடக்கிறது: கிரீடம் தரையில், மதில்கள் தகர்ந்து, தாவீதுக்குச் சத்தியம்பண்ணின உமது பூர்வ கிருபைகள் எங்கே என்று ஒரு மனிதன் கடவுளிடம் நேராகவே கேட்கிறான். கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமை அழித்த பிறகு இந்த வரிகளை வாசித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? சிங்காசனம் இல்லை, ஆலயம் இல்லை, ராஜா சிறைப்பட்டுப் போயிருக்கிறான்.

அப்புறம்தான் நாலாம் பகுதி. 90ஆம் சங்கீதம் மோசேயின் ஜெபம், அதாவது இஸ்ரவேலில் ராஜா என்று ஒருவனே இல்லாத காலத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதிலிருந்து மூன்றே சங்கீதம் தாண்டினால் 93, ‘கர்த்தர் ராஜரிகம்பண்ணுகிறார்’ என்று தொடங்குகிறது. 97ம் அப்படியே தொடங்குகிறது, 99ம் அப்படியே. மனுஷ ராஜா விழுந்துபோன இடத்தில் நின்றுகொண்டு இதைப் பாடுகிறார்கள். கோரஸாக எத்தனையோ தடவை கைதட்டிப் பாடியிருக்கிறேன், ஆனால் 89ஐ வாசித்து முடித்த கையோடு 93ஐ வாசித்தபோது அந்த முதல் வரி வாயில் வரவே கனமாக இருந்தது. இந்த நாலைந்து தியானங்களுக்காக மட்டுமே 80 ரூபாய் கொடுக்கலாம்.

72ஆம் சங்கீதத்துக்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறார். சரியான முடிவு. அந்த ராஜாவின் பெருமையை எதை வைத்து அளக்கிறது அந்தச் சங்கீதம் என்று பார்க்கச் சொல்கிறார். சேனையை எண்ணவில்லை. தீவுகளின் ராஜாக்கள் காணிக்கை கொண்டுவருகிறார்கள்தான், ஆனால் ஏன் என்று அதைத் தொடர்ந்தே சொல்கிறது, ‘கூப்பிடுகிற எளியவனையும், உதவியற்ற சிறுமையானவனையும் அவர் விடுவிப்பார்’ என்பதனால். ஏழையின் இரத்தம் அவர் பார்வைக்கு அருமையாயிருக்கும் என்று வருகிறது. தேவனுடைய ராஜ்யம் வரும்போது அது எப்படி இருக்கும் என்று கேட்டால் நாம் பொன் வீதியையும் முத்து வாசலையும் சொல்லுவோம், இவர் இந்த வசனத்தைச் சொல்லிவிட்டு, பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி வைக்கிறார்: ‘உங்கள் வீட்டில் வேலை செய்கிறவருக்குக் கூலி பாக்கி இருக்கிறதா?’

இதை நாங்கள் குடும்ப ஜெபத்தில் வாசித்த அன்று என் தம்பிதான் வாசித்தான். கேள்வியை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “சாந்திக்கு போன மாசம் பாதிதானே குடுத்தோம்?” என்று அப்பாவிடம் கேட்டார்கள். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) அப்பா, “காலையில முதல் வேலையா குடுத்துரு” என்றார்கள். அதன் பிறகுதான் ஜெபம் பண்ணினோம். ஒரு தியானப் புத்தகம் இதைச் செய்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இயேசுவின் இரண்டாம் வருகையைப் பற்றி எழுதுகிற இடங்களிலும் மனுஷன் கவனமாக இருக்கிறார். நம் ஊரில் ‘கர்த்தருடைய நாள்’ என்று தலைப்பு வைத்தாலே யுத்தச் செய்தி, பூமியதிர்ச்சி, ஏதோ ஒரு நாட்டுத் தலைவர் படம், அப்புறம் ஒரு வருஷக் கணக்கு என்று போய்விடும். இதில் அந்தக் கணக்கே கிடையாது. புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் புத்தகத்தின் முதலாம் அதிகாரத்தில் சீஷர்கள் ‘இக்காலத்திலா ராஜ்யத்தை இஸ்ரவேலுக்குத் திரும்பக்கொடுப்பீர்’ என்று கேட்டதையும், காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்று இயேசு சொன்னதையும் ஒரே ஒரு பத்தியில் சொல்லிவிட்டு நேராக 96க்குப் போய்விடுகிறார்.

அங்கே ஒரு நல்ல விஷயம் கிடைத்தது. 96லும் 98லும் கர்த்தர் நியாயந்தீர்க்க வருகிறார் என்று சொல்கிறபோது யாரும் பயந்து ஒளியவில்லை. சமுத்திரம் முழங்குகிறது, ஆறுகள் கைகொட்டுகின்றன, காட்டு மரங்களெல்லாம் கெம்பீரிக்கின்றன. நியாயத்தீர்ப்பு என்றால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது, இவர்களுக்கு ஏன் சந்தோஷம்? நிலத் தகராறில் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைகிறவனிடம் போய், நாளைக்கு ஒரு நேர்மையான நீதிபதி வருகிறார், உன் கேஸைத்தான் முதலில் எடுக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள் என்கிறார் ஆயர். அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. சிறுவயதிலிருந்து வருகை என்றால் ‘விட்டுவிடப்படுவேனோ’ என்ற பயத்தோடு வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அவர்கள் எல்லோரும் இந்த இரண்டு பக்கத்தை வாசிக்க வேண்டும். உலகமெங்கும் கிறிஸ்மஸ் நாட்களில் பாடுகிற பிரபலமான ஒரு பாட்டு 1719இல் இந்த 98ஆம் சங்கீதத்தை வைத்து எழுதப்பட்டது என்ற தகவலையும் போகிற போக்கில் கொடுக்கிறார். பாட்டு முழுக்க ஆண்டவர் ஆளவருவதைப் பற்றித்தான், மாட்டுத்தொழுவம் அதில் வராது.

46ஆம் சங்கீதத்தையும் சரியாகக் கையாண்டிருக்கிறார். ‘நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்’ என்ற வசனத்தைச் சூரிய உதயப் படத்தோடு காலையில் வாட்ஸப்பில் அனுப்பாதவர்கள் குறைவு. அதற்கு முந்தின வசனத்தில் வில்லை ஒடித்து, ஈட்டியை முறித்து, இரதங்களை அக்கினியால் சுட்டெரிக்கிறார். யுத்தங்களை ஓயப்பண்ணுகிறவர்தான் ‘அமர்ந்திருங்கள்’ என்கிறார், அதுவும் ஜாதிகள் கொந்தளிக்கிற நேரத்தில். இரண்டு வசனத்தையும் சேர்த்து வாசித்தால்தான் அதன் பலம் தெரிகிறது.

புலம்பல் சங்கீதங்களை ஒதுக்காமல் சேர்த்ததற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். 13 இருக்கிறது, 88 இருக்கிறது. 88 இருட்டிலேயே முடிகிற சங்கீதம், கடைசியில் நம்பிக்கையான ஒரு வரிகூட கிடையாது. பல தியானப் புத்தகங்கள் அதைத் தொடுவதில்லை, தொட்டாலும் கடைசியில் எங்கிருந்தாவது ஒரு நல்ல வசனத்தைக் கொண்டுவந்து ஒட்டவைத்து முடித்துவிடும். இவர் ஒட்டவைக்கவில்லை. 13இல் வருவதுபோல ‘எதுவரைக்கும்’ என்று கேட்பதே ராஜ்யம் வரவேண்டும் என்று கேட்பதுதான், அது இன்னும் முழுசாக வரவில்லை என்று தெரிந்தவன்தான் அப்படிக் கேட்பான், வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் பலிபீடத்தின் கீழே இருக்கிற ஆத்துமாக்களும் இதையேதான் கேட்கிறார்கள் என்று எழுதி, அன்றைக்கு ஜெபத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகலாம். ‘எல்லாம் நன்மைக்குத்தான்’ என்று அங்கே போய்ச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, குறைகள்.

பெரிய குறை, 109ம் 137ம் இல்லை. அதாவது சத்துருவைச் சபிக்கிற சங்கீதங்களை அப்படியே தாண்டிவிட்டார். பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுத அந்தப் பாட்டின் கடைசி வசனம் பயங்கரமானது, வாசிக்க யாருக்கும் மனசு வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 88ஐ இத்தனை நேர்மையாக எதிர்கொண்ட ஒருவர் இதையும் எதிர்கொண்டிருக்கலாம். நியாயத்துக்காக ஏங்குகிறவன் எந்த இடத்தில் பழிவாங்குவதற்கு ஏங்க ஆரம்பிக்கிறான், சிலுவையில் தம்மைக் கொன்றவர்களுக்காக ஜெபித்த ராஜாவிடம் அந்தச் சங்கீதத்தை நாம் எப்படிக் கொண்டுபோவது, இதையெல்லாம் ஒரு முதிர்ந்த ஆயர் சொல்லிக் கேட்க எனக்கு ஆசை.

110க்கு ஒரே ஒரு பக்கம்தான். புதிய ஏற்பாட்டில் மிக அதிகமாக எடுத்தாளப்படுகிற சங்கீதம் அது. இயேசு பரிசேயரிடம் கேள்வியாகக் கேட்டது, பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பிரசங்கித்தது, எபிரெயர் நிருபத்தில் ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்கைப் பற்றிய வாதம் முழுக்க நிற்பது, எல்லாம் அதன் மேல்தான். ஒரு பக்கத்தில் அவசர அவசரமாக முடித்தது நியாயமில்லை. இரண்டாம் சங்கீதத்துக்கு எழுதியிருப்பதைப் பாருங்கள், பேதுருவும் யோவானும் விடுதலையாகி வந்ததும் சபையார் ஒருமனப்பட்டு அந்தச் சங்கீதத்தைச் சொல்லித்தான் ஜெபித்தார்கள் என்று அப்போஸ்தலர் நாலாம் அதிகாரத்தை எவ்வளவு அழகாக விரித்திருக்கிறார்! அந்தக் கை 110க்கு வரவில்லை.

ஜெபங்கள் பாதி நன்றாக இருக்கின்றன, மீதி வழக்கமான சொற்கள். எழுத்து ரொம்பச் சின்னது. எங்கள் வீட்டில் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் டியூப் லைட்டுக்குக் கீழே நகர்ந்து உட்கார்ந்துதான் வாசிக்க முடிந்தது, இந்தப் புத்தகத்தை அதிகமாக வாங்கப்போகிறவர்களே அந்த வயதுக்காரர்கள்தான். பசை பைண்டிங் வேறு, நடுப் பக்கங்கள் எங்கள் பிரதியில் இப்போதே கழன்று வருகின்றன.

யாருக்கு ஏற்றது என்று கேட்டால், முதலில் குடும்ப ஜெபம் நடக்கிற வீடுகளுக்கு. தனியாக வாசிப்பதைவிட நாலு பேர் சேர்ந்து வாசித்தால் அந்தக் கேள்விகள் நன்றாக வேலை செய்கின்றன. வாலிபர் கூட்டத்தில் 146ஐ எடுங்கள், ‘பிரபுக்களை நம்பாதேயுங்கள்’ என்று தொடங்கி, ஒடுக்கப்பட்டவர்களுக்கு நியாயம், பசித்தவர்களுக்கு ஆகாரம், கட்டுண்டவர்களுக்கு விடுதலை என்று போகிற அந்தத் தியானத்தை வைத்து, தேர்தல் சமயமாக இருந்தால், ஒரு மணி நேரம் தாராளமாகப் பேசலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கடினம். வாக்குத்தத்தம் மட்டும் போதும், காலையில் ஐந்து நிமிஷம்தான் நேரம் என்கிறவர்களுக்கு முதல் வாரம் இழுவையாகத் தோன்றலாம், 72 வரைக்குமாவது பொறுமையாகப் போய்ப் பாருங்கள்.

வாசிக்கும்போது பக்கத்தில் வேதாகமத்தைத் திறந்து வையுங்கள். சங்கீதத்தின் வசனங்களை முழுசாக அச்சடிக்கவில்லை, முதலில் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் தியானத்துக்கு வரவேண்டும் என்று முன்னுரையிலேயே கேட்டுக்கொள்கிறார்.

லெந்து காலத்துக்குள், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்குள், மறுபதிப்பு வரும் என்று மேஜையில் இருந்த அக்கா சொன்னார்கள். எழுத்தைப் பெரிதாக்கி, தையல் பைண்டிங் போட்டு, 137ஐயும் சேர்த்தால் விலையை 120 ஆக்கினாலும் நான் இன்னொரு பிரதி வாங்குவேன், இதை அவர்களிடமே சொல்லிவிட்டும் வந்திருக்கிறேன்.